ஒரு சைக்கிள், இரண்டு பேர், எட்டு சென்டிமீட்டர்: சீட் உயரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையில் ஒரு வீடு. வீட்டில் ஒரே ஒரு ஹைப்ரிட் சைக்கிள். அதிகாலையில் அம்மா எடுத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸ் பக்கம் போய்வருவார். எட்டு மணிக்கு அதே சைக்கிளில் மகன் கல்லூரிக்குக் கிளம்புவான். அம்மாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மகன் அவரைவிட ஒரு தலை உயரம். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டைப் பிடிக்கும் கிளாம்ப்பில் குயிக் ரிலீஸ் லீவர் இருப்பதால் ஸ்பேனர் தேவையில்லை. லீவரைத் திறந்து, சீட்டை ஏற்றி அல்லது இறக்கி, மூடிவிட்டால் போதும். ஏற்பாடு வசதியானதுதான். ஆனால் சில மாதங்களில் அந்த அம்மாவுக்கு (நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி வந்தது. எலும்பு மருத்துவர் பார்த்து, பெரிய தேய்மானம் எதுவும் இல்லை, சைக்கிளை யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லியனுப்பிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

அக்கா சொன்ன ஒரு விஷயம்தான் முக்கியமாகப் பட்டது. "நேத்து நல்லாத்தான் இருந்துச்சுங்க தம்பி. இன்னைக்கு ஏறின உடனே வலிக்குது. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்குது." சீட் உயரம் ஒரேயடியாகத் தவறாக இருந்தால் வலியும் ஒரே மாதிரி வரும். நாளுக்கு நாள் மாறுகிறது என்றால் உயரமே நாளுக்கு நாள் மாறுகிறது என்று சந்தேகப்படலாம்.

ஒரு டேப் அளவையைக் கொடுத்து, சில நாள் கிளம்பும் முன் அளந்து எழுதி வைக்கச் சொன்னேன். பெடல் கம்பிகள் இரண்டும் சேரும் நடு அச்சின் மையத்தில் தொடங்கி, ஃப்ரேமின் சீட் குழாயோடு ஒட்டியபடி, சீட்டின் மேல் பரப்பு வரை அளக்க வேண்டும். எழுதிய தாளைப் பார்த்தபோது மிகக் குறைந்த எண் 60.4 செ.மீ., மிக அதிகமானது 64.1. கண்ணால் பார்த்து "நேத்து இங்கதான் இருந்துச்சு" என்று வைத்ததில் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் ஆடியிருக்கிறது. பெரும்பாலான நாட்களில் தாழ்வாகத்தான் இருந்தது. கால் தரையில் எட்டினால்தான் தைரியம் என்று நினைப்பவர்கள் கண்ணளவில் வைக்கும்போது தாழ்வாகவே வைப்பார்கள். சீட் தாழ்வாக இருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். மடங்கிய நிலையில் மிதிக்கும் அழுத்தம் சிப்பியின் பின்புறத்தில் இறங்கும். முன்பக்க வலிக்கு இது பழகிப்போன காரணம். உயரம் கூடினால் கதை வேறு: இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், வலி முழங்காலின் பின்பக்கத்துக்குப் போகும். அக்காவின் தாளில் 64.1 என்று எழுதியிருந்த நாளுக்கு எதிரே "பின்னாடி இழுக்குது" என்று குறிப்பு இருந்தது.

சரி, எந்த உயரம் சரியானது? இங்கே இரண்டு பழைய கணக்குகள் இருக்கின்றன. இரண்டுக்கும் அடிப்படை உள்கால் நீளம். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே நன்றாக மேலே அழுத்தி, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளப்பது. அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கில், அந்த நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் நடு அச்சிலிருந்து சீட் வரையிலான உயரம் வரும். 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் முன்வைத்த கணக்கில் 1.09ஆல் பெருக்க வேண்டும். ஆனால் அங்கே அளவு தொடங்குவது மிகக் கீழே இருக்கும் பெடலின் அச்சிலிருந்து.

மகனின் உள்கால் நீளம் 81 செ.மீ. முதல் கணக்குப்படி 71.5. இரண்டாவதில் 88.3 வருகிறது, அதில் 17 செ.மீ. கிராங்க் (பெடல் கம்பி) நீளத்தைக் கழித்தால் 71.3. இரண்டும் ஒத்துப்போகின்றன. அக்காவுக்கு 73 செ.மீ. முதல் கணக்கு 64.5 என்கிறது, இரண்டாவது 62.6 என்கிறது. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம்! காரணம் எளிது. ஆளுக்கு ஆள் கால் நீளம் மாறினாலும் கடையில் விற்கும் சைக்கிளில் கிராங்க் பெரும்பாலும் அதே 17 செ.மீ.தான். உள்கால் நீளம் 82 செ.மீ. அளவில் இருப்பவருக்கு மட்டும்தான் இரண்டு கணக்கும் ஒன்றாக வரும். அதற்குக் கீழே போகப்போக இடைவெளி பெருகும். குள்ளமானவர்கள், குறிப்பாக நம் ஊர்ப் பெண்கள், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்து "எனக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை" என்று குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் தவறில்லை. அந்தக் கணக்குகள் அவர்கள் அளவுக் கால்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவையே இல்லை.

அதனால் அக்காவுக்கு முழங்கால் கோணத்தைப் பார்த்து முடிவு செய்தோம். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி அவரை உட்காரவைத்து, பெடலை மிகக் கீழே கொண்டுவந்து, பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் போனை வைத்துப் படம் எடுத்தோம். இடுப்போரத்தில் தட்டுப்படும் தொடை எலும்பின் மேல் முட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால் முட்டு, இந்த மூன்று இடத்தையும் கோட்டால் இணைத்துப் பார்த்தால் கோணம் கிடைக்கும். நேராக நீட்டிய கால் பூஜ்யம் என்று கொண்டால், 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. வலி இருப்பவர் என்பதால் சீட்டை மிக உயரமாக ஏற்றாமல், தாழ்வாகவும் விடாமல், 63.2 செ.மீ.இல் நிறுத்தினோம். மகனுக்கு 71.2. இடையே சரியாக 8 செ.மீ. இந்த முழு எண் பின்னால் ரொம்ப உதவியது.

அளக்கும்போதே இரண்டு விஷயம் தட்டுப்பட்டது. அக்கா சீட்டின் மேல் ஒரு ஜெல் உறை போட்டுக்கொள்வார், மகன் அதைக் கழற்றி வைத்துவிடுவான். அந்த உறை உட்காரும் முன் ஒரு உயரம், உட்கார்ந்த பின் ஒரு உயரம், பழையதாக ஆக ஆக இன்னொரு உயரம். இரண்டாவது, சில நாள் ஷூ, சில நாள் ரப்பர் செருப்பு. இவற்றை அப்படியே விட்டுவிட்டு மில்லிமீட்டர் பேசுவதில் பொருளில்லை. உறையைக் கழற்றிவிட்டு, இருவருக்கும் உட்காரத் தோதான, கொஞ்சம் அகலமான சீட் ஒன்றை மாட்டினோம். செருப்பு வேண்டாம், ஷூ மட்டும் என்று அக்காவே முடிவு செய்தார்.

உயரம் இவ்வளவு முக்கியமா என்று மகன் கேட்டான். அவனுக்கு எடி மெர்க்ஸ் பற்றிச் சொன்னேன். பெல்ஜியத்தின் அந்த வீரர் 1969 செப்டம்பரில் பிரான்சின் புளுவா நகர் ஓடுதளத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்தார். அவருக்கு முன்னால் மோட்டார் வண்டி ஓட்டி வேகம் பிடித்துக்கொடுத்த ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் அங்கேயே இறந்துபோனார். மெர்க்ஸின் இடுப்பு எலும்பு பாதிக்கப்பட்டது. அதன் பிறகு எந்த சீட் உயரமும் அவருக்கு நிம்மதி தரவில்லை. பந்தயத்துக்கு முன்னும், பந்தயத்தின் நடுவிலும் கருவியை எடுத்து ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். அந்த வலியோடுதான் டூர் டி பிரான்ஸை இன்னும் நாலு முறை வென்றார், 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். அவ்வளவு பெரிய வீரரின் உடம்பே சில மில்லிமீட்டர்களை உணர்ந்தது என்றால், முழங்கால் வலியோடு ஓட்டும் ஒரு அம்மாவின் உடம்பு நாலு சென்டிமீட்டரை உணராமல் போகுமா?

அடையாளம் வைப்பதில் உள்ள சிக்கல்

எண்கள் கிடைத்துவிட்டன. இனி தினமும் இரண்டு முறை அதே எண்ணுக்கு எப்படிப் போவது? நான் போவதற்கு முன்பே வீட்டில் சில வழிகளை முயன்று பார்த்திருந்தார்கள். கிளாம்ப்பை ஒட்டி பெர்மனன்ட் மார்க்கரால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அக்காவின் கோடு பளிச்சென்று இருந்தது, மகனின் கோடு மட்டும் சீக்கிரமே அழிந்துபோனதாம். இதற்குக் காரணத்தை யோசித்துப் பார்த்தால் முழு விஷயமும் தெளிவாகிவிடும்.

சீட் தாழ்வாக இருப்பவரின் கோடு போஸ்ட்டில் மேலே விழும். சீட் உயரமாக இருப்பவரின் கோடு போஸ்ட்டில் கீழே விழும். அக்காவுக்காக இறக்கும்போது மகனின் கோடு குழாய்க்குள் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் கிரீஸ், மண், குழாய் விளிம்பு எல்லாம் சேர்ந்து அதைத் துடைத்துவிடும். அக்காவின் கோடு குழாய்க்குள் போகவே போகாது. ஆக, பலர் ஓட்டும் சைக்கிளில் மிகக் குள்ளமானவரின் அடையாளம் மட்டும்தான் எப்போதும் வெளியே பத்திரமாக இருக்கும். மற்ற எல்லாருடைய அடையாளமும் உள்ளே போய் வரும். இன்சுலேஷன் டேப், நெயில் பாலிஷ், ஸ்டிக்கர் எல்லாம் குள்ளமானவரின் அடையாளத்துக்குச் சரி, மற்றவர்களுடையதற்கு உதவாது. தடிமன் உள்ள எதுவும் குழாய்க்குள் நுழையும்போது உரிந்துவிடும். டேப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெயிலில் நிறுத்திய சைக்கிளில் பசை இளகி, டேப் மெல்லக் கீழே நகரும். கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்த அடையாளத்தை நம்பி வைப்பது அடையாளமே இல்லாமல் வைப்பதைவிட மோசம், ஏனென்றால் யாரும் திரும்ப அளந்து பார்க்க மாட்டார்கள்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒரு வழி சொன்னார் (சீட் போஸ்ட்டைத்தான் அவர் பில்லர் என்கிறார்). "பில்லர்ல ஆக்சா பிளேடு வச்சு ஒரு வெட்டு போட்டுட்டா ஆயுசுக்கும் அழியாதுங்கண்ணா." அழியாது, உண்மைதான். ஆனால் இந்த யோசனையை ஏற்காததற்குக் காரணம் உண்டு. ஓட்டுபவரின் எடை சீட் போஸ்ட்டை முன்பின்னாக வளைக்கப் பார்க்கும். அந்த வளைவு விசை மிக அதிகமாக விழும் இடம், போஸ்ட் கிளாம்ப்பிலிருந்து வெளியே வரும் அந்த விளிம்பு. வெட்டு போடச் சொல்வதும் சரியாக அதே இடத்தில்தான். அலுமினியக் கம்பியில் சுற்றிலும் ஆழமாக ஒரு வெட்டு இருந்தால், விரிசல் தொடங்க அது இடம் கொடுத்ததாகும். கார்பன் போஸ்ட் என்றால் சின்னக் கீறல்கூடக் கூடாது. அலுமினியத்தில் கீறித்தான் ஆகவேண்டும் என்றால், முன்னும் பின்னும் விட்டுவிட்டு இடது அல்லது வலது பக்கவாட்டில், நகத்துக்கு மட்டும் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சிறு கோடு போடலாம். முன்பின்னாக வளையும் கம்பியில் பக்கவாட்டுப் பரப்பில்தான் இழுவை மிகக் குறைவு. மெக்கானிக்கிடம் இதை விளக்கியபோது அவர் உடனே புரிந்துகொண்டார். அவர் கையில் ஒடிந்த போஸ்ட்டுகள் நிறைய வந்திருக்கின்றன.

சில போஸ்ட்டுகளில் கம்பெனியே மில்லிமீட்டர் கோடுகளைப் பொறித்துத் தருகிறது. புதிதாக வாங்குபவர்கள் அப்படி ஒன்றைக் கேட்டு வாங்குவது நல்லது. இந்த வீட்டுப் போஸ்ட்டில் பொறித்திருந்தது ஒரே ஒரு கோடு, இதற்கு மேல் வெளியே இழுக்கக் கூடாது என்று எச்சரிக்கும் கோடு. மகனின் உயரத்தில் 35 செ.மீ. போஸ்ட்டில் 20 வெளியே, 15 உள்ளே. எல்லைக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் மேலே போனோம்.

மற்றவர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஏறும்போது சீட் உயரமாக வேண்டும், இறங்கும்போது தாழ்வாக வேண்டும். இறங்கி முடித்ததும் பழைய உயரத்துக்குத் திரும்ப வேண்டும். ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் 1984இல் ஹைட் ரைட் என்ற பொருளைக் கொண்டுவந்தார்கள். பார்க்க ஒரு சாதாரண ஸ்பிரிங். ஒரு முனை போஸ்ட்டைச் சுற்றிய பிடியில், மறுமுனை சீட் குழாயின் குயிக் ரிலீஸில். லீவரைத் திறந்து உட்கார்ந்தால் எடையில் சீட் இறங்கும், மூடிக்கொள்ளலாம். மறுபடி திறந்து எழுந்தால் ஸ்பிரிங் சீட்டை முதலில் வைத்த உயரத்துக்கே தள்ளும். சீட் பக்கவாட்டில் திரும்பாமலும் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு விலையுயர்ந்த மலை சைக்கிள்களில் ஹேண்டில்பார் பட்டனால் ஏறி இறங்கும் டிராப்பர் போஸ்ட்டுகளுக்கு இது முன்னோடி. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி உருவாக்கிய பிராம்ப்டன் மடக்கு சைக்கிளில் வேறு வழி. மடக்கும்போதெல்லாம் சீட் போஸ்ட் முழுதாக இறங்கியாக வேண்டும். அதனால் ஓட்டுபவரின் அளவுக்கு வெட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டைக் குழாய்க்குள் போட்டுவிடுகிறார்கள். விரித்து இழுத்தால் அந்தத் துண்டு தடுக்கும் இடம்தான் உரிய உயரம்.

இரண்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: கண்ணை நம்பவில்லை. கோட்டோடு கோட்டைப் பொருத்த விடிகாலை இருட்டில், கண்ணாடி இல்லாமல் ஒருவரால் முடியாது. தடுக்கிற ஒன்று இருந்தால் கை தானாகவே அங்கே நிற்கும். அக்காவின் வீட்டுக்கும் கோடு வேண்டாம், தடுப்பு வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

செய்தது

முதலில் போஸ்ட்டை முழுதாக வெளியே எடுத்து, குழாயின் உட்புறத்தையும் கிளாம்ப்பின் பிளவையும் துணியால் துடைத்தோம். தினமும் ஏறி இறங்கும் போஸ்ட் மண்ணை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். பின் சக்கரம் தெறிக்கும் சேறு நேராகப் பிளவில் போய் உட்காரும். வெர்னியரால் போஸ்ட்டை அளந்து 27.2 மி.மீ. என்று உறுதி செய்தோம். இந்த அளவுகள் 0.2 மி.மீ. இடைவெளியில் வருவதால், 27.2 போட வேண்டிய ஃப்ரேமில் 27.0 போட்டால் பார்க்கப் பொருந்தியதுபோல் இருக்கும், ஓட்ட ஓட்ட இறங்கும். அடையாளம் சரியாக இருந்தும் உயரம் குறைகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அப்புறம் மெல்லியதாக கிரீஸ் தடவி உள்ளே விட்டோம்.

அக்காவின் 63.2 உயரத்தில் சீட்டை வைத்து, கிளாம்ப்புக்கு நேர் மேலே ஒரு ஹோஸ் கிளிப்பை மாட்டினோம். மோட்டார் கடையில் ரப்பர் குழாய்களை இறுக்க விற்கிறார்களே, அதுதான். போஸ்ட்டில் கீறல் விழாமலும் நன்றாகப் பிடிக்கவும் அடியில் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு பட்டை. இனி லீவரைத் திறந்து சீட்டை அழுத்தினால், கிளிப் கிளாம்ப்பில் இடித்து நிற்கும் இடம் அக்காவின் உயரம். அவர் எதையும் பார்க்க வேண்டாம்.

மகனுக்கு 32 மி.மீ. பிவிசி பைப்பில் சரியாக 8 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, இரு முனைகளையும் உப்புத்தாளில் சமமாகத் தேய்த்தோம். பிறகு நீளவாக்கில் ஒரு பட்டையை அறுத்து எடுத்துவிட்டோம். பக்கவாட்டிலிருந்து அழுத்தினால் போஸ்ட்டைக் கவ்விக்கொள்ளும், இழுத்தால் கழன்று வரும். அவன் சீட்டை மேலே இழுத்து, ஹோஸ் கிளிப்புக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் இந்தத் துண்டை மாட்டி, சீட்டை அதன் மேல் இறக்கி லீவரை மூடுவான். 71.2. ஓட்டிவிட்டு வந்ததும் துண்டைக் கழற்றி சைக்கிள் பையில் போட்டுவிடுவான். இதில் ஒரு எச்சரிக்கை: எடையைத் தாங்க வேண்டியது கிளாம்ப்தான், பைப் துண்டில்லை. லீவரை மூடும்போது உள்ளங்கையில் அச்சு பதியும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும்.

உயரம் சரியாக வந்தும் சீட்டின் மூக்கு ஒரு பக்கம் திரும்பி நின்றால் முழங்காலுக்கு அதுவும் சிரமம். அதற்கு மட்டும் கோடு தேவைப்பட்டது. போஸ்ட்டின் பின்புறத்தில், ஹோஸ் கிளிப்புக்கு மேலே மார்க்கரால் நெடுக்காக ஒரு கோடு, அது கிளாம்ப்பின் பிளவுக்கு நேராக இருக்க வேண்டும். ஹோஸ் கிளிப்பின் திருகையும் அதே நேரில் வைத்துவிட்டதால் விரலால் தடவியே நேராக்கிவிடலாம்.

ஒரு பயன் எதிர்பாராமல் கிடைத்தது. சீட் குழாய் சாய்ந்திருப்பதால், சீட் 8 செ.மீ. ஏறும்போது 2.3 செ.மீ. அளவுக்குப் பின்னாலும் போகிறது. அக்காவுக்கு இறங்கும்போது அதே அளவு முன்னால் வருகிறது. கை நீளம் குறைந்தவருக்கு ஹேண்டில்பார் கிட்டத்தில் வந்தது நல்லதாகவே அமைந்தது, வேறெதையும் மாற்றத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு

மறுபடி தாளில் எழுதச் சொன்னபோது எண்கள் 63.1க்கும் 63.3க்கும் நடுவில் நின்றன. முன்பக்க வலி சில வாரங்களில் படிப்படியாகக் குறைந்தது. வலி போனதற்கு உயரம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஜெல் உறை போனது, ஷூ வந்தது, மருத்துவர் சொன்ன தொடைப் பயிற்சியும் நடந்தது. ஆனால் "ஒரு நாளைக்கு ஒரு மாதிரி" என்ற புகார் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது, அதற்கு உயரம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

ஒருமுறை சர்வீசுக்கு விட்டபோது ஹோஸ் கிளிப்பைக் கழற்றி, வேறு இடத்தில் மாட்டித் தந்துவிட்டார்கள். சீட்டுக்கு அடியில் 63.2, 71.2 என்ற இரண்டு எண்களையும், எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டி வைத்திருந்ததால் அக்காவே அளந்து திரும்ப மாட்டிக்கொண்டார். போஸ்ட்டில் வைக்கும் எந்த அடையாளமும் அந்தப் போஸ்ட்டுக்கும் அந்த சீட்டுக்கும் மட்டும்தான். சீட்டை மாற்றினால், ஃப்ரேமை மாற்றினால் அது செல்லாது. அச்சிலிருந்து அளந்த எண் எந்த சைக்கிளுக்கும் கூட வரும், கிராங்க் நீளம் ஒன்றாக இருக்கும் வரை.

இதே ஏற்பாட்டை ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள்களிலும் பார்க்க ஆசை. பொருத்தித் தந்த நாளில் இருந்த உயரத்திலேயே பல பிள்ளைகள் படிப்பு முடியும் வரை ஓட்டுகிறார்கள், பிறகு தம்பியோ தங்கையோ அதே உயரத்தில் தொடர்கிறார்கள். அங்கே லீவர் இல்லை, நட்டுதான். ஸ்பேனர் ஒன்றும், போஸ்ட்டின் பக்கவாட்டில் ஒரு கோடும், அளவெடுத்துப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுக்க ஒரு பெரியவரும் போதும்.

அக்காவின் வீட்டில் இப்போது கடைக்குட்டியும் சைக்கிள் கேட்கிறாள். அவள் அம்மாவைவிடக் குள்ளம், உள்கால் நீளம் 68 செ.மீ. அவள் ஓட்டத் தொடங்கினால் ஹோஸ் கிளிப்பைப் போஸ்ட்டில் மேலே ஏற்றி அவளுடைய உயரத்துக்கு வைக்க வேண்டும், அக்காவுக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு பைப் துண்டு புதிதாக வெட்ட வேண்டும். 17 செ.மீ. கிராங்க் அவளுக்கு நீளம்தான், ஆகவே கணக்கைப் பார்க்காமல் முழங்கால் கோணத்தைப் பார்த்தே அவளுடைய உயரத்தை முடிவு செய்யப்போகிறோம்.